பாத்திரக்கடை அம்மாவுக்குச் சொன்ன படங்கள்

செஞ்சியில் வீடு தேடி வந்து பிசியோதெரபி செய்பவர்கள் அதிகம் இல்லை. நான் சில வருடங்களாகச் செய்கிறேன். புதுச்சேரியிலோ சென்னையிலோ மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடித்துத் திரும்புகிறவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்கள், பைக்கிலிருந்து விழுந்து தோள் இறுகிப்போனவர்கள் கூப்பிடுவார்கள். சிங்கவரத்திலிருந்து காலையில் வண்டியை எடுத்தால் ஐந்து வீடு முடித்துச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

இது தவிர எனக்கு இன்னொரு வழக்கம் உண்டு. யாராவது பொழுது போகவில்லை என்று சொன்னால் இதைப் பாருங்கள் என்று அவர்களுக்கு ஒரு படம் சொல்லிவிடுவேன். தியேட்டருக்கு வராத படமாக இருக்கும். நாலு நண்பர்கள் கையில் இருந்ததைப் போட்டு எடுத்தது, செல்போனிலேயே எடுத்தது, டைரக்டரின் அம்மாவே கதாநாயகியாக நடித்தது, மைக்கின் நிழல் சுவரில் விழுந்தும் திருப்பி எடுக்க வசதியில்லாமல் அப்படியே விட்டது. இந்தப் படங்களைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் நடுவில் திட்டிக்கொண்டே எழுந்து போவார்கள். மிச்சப் பேர் வருடக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் அக்காவின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எனக்குத் தொற்றிய பழக்கம் இது. இப்போது இந்த மாதிரிப் படம் பார்க்கிற பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு என் போனில் இருக்கிறது. வாரம் ஒரு படத்தைப் பற்றி நான்கு வரி எழுதிப் போடுவேன்.

வீட்டில் யாரும் இதை மதித்ததில்லை. ஒருமுறை நைனா என் பக்கத்தில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஒரு படம் பார்த்தார். அதில் ஒருவன் பெரிய வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருந்தான். "இத நான் வேலைக்குப் போன எடத்துல நெறைய பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பாத்திரக்கடை அம்மாவுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அறுபதை நெருங்கிய வயது. பஜாரில் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. கணவர் போன பிறகு பல வருடம் கல்லாவில் தனியாக உட்கார்ந்தவர். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார் என்றாலும், கடையில் எது விழுந்தாலும் சத்தத்தை வைத்தே "அன்னக்கூடை" என்றோ "தவலை" என்றோ உள்ளேயிருந்து சொல்லிவிடுவார்.

முதல் நாள் கேட்டார், "எந்த ஊரும்மா நீ?"

"சிங்கவரம்."

"சிங்கவரத்துல எந்தப் பக்கம்?"

சொன்னேன். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். எந்தப் பக்கம் என்று சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. அவர் "சரி" என்று மட்டும் சொன்னார். வேலை முடிந்ததும் மருமகள் காபி கொண்டுவந்து வைத்தார். பேப்பர் கப்பில் இருந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அவருடைய முழங்கால் அறுபது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. தொண்ணூறு வந்தால்தான் நாற்காலியிலிருந்து பிடிக்காமல் எழ முடியும். மடக்கிப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும், பிறகு மெல்ல நீட்ட வேண்டும். அவர் ஐந்திலேயே விட்டுவிடுவார். அந்த நேரத்தில் எதிரே டிவியில் சீரியல் ஓடும். அதில் யாராவது அழுதால் இவரும் அழுவார், கால் அப்படியே நின்றுவிடும்.

இரண்டாவது வாரம் ஒருநாள் அவர் காலில் ஐஸ் பை வைத்துவிட்டு நான் போனில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாக்கற?"

"படம்மா."

"எனக்கும் ஒண்ணு சொல்லு. இந்த அழுவாச்சிய எவ்ளோ நாளு பாக்கறது."

போனை டிவியோடு இணைத்து ஒரு பேய்ப்படம் போட்டேன். செத்துப்போனவர்கள் ஒரு கிராமத்துக்குத் திரும்பி வருவார்கள். யாரையும் கடிக்க மாட்டார்கள். நேராக ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நிற்பார்கள், கார்டில் இன்னும் பெயர் இருக்கிறது என்பதற்காக. முகத்தில் மஞ்சளும் கோதுமை மாவும் பூசிய பிணங்கள். அதிகாரிகளைக் கிண்டல் செய்வதால் இரண்டு இடத்தில் திரையிடக் கூடாது என்று தடுத்த படம். அம்மா முதல் பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. செத்துப்போன மாமியார் ஒருத்தி வரிசையை விட்டுவிட்டுத் தன் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்கும் இடம் வந்தபோது சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்போடு சிரிப்பாகக் காலை எண்பது வரை கொண்டுபோய்விட்டேன். அவருக்கு அது தெரியவில்லை.

"இந்த மாரி வேற வச்சிருக்கியா?" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம் படம். ஒரு படம் மூன்று நாள் ஓடும். இரண்டாவது படம் முடிந்ததும், குழுவில் எழுதிப் பழகிய வாயோடு கேட்டுவிட்டேன், "அந்த அம்மா பாத்திரம் எப்படி இருந்துச்சி?"

"பாத்திரமா? அது வாடகைப் பாத்திரம்" என்றார். "எதுலயும் பேரு வெட்டல, பாத்தியா? முப்பது வருசமா குடித்தனம் பண்ற வூடுங்கறான். சீர்வரிசைல வந்தது, பேரன் காது குத்துக்கு வந்ததுன்னு எதுலயாச்சும் ஒரு பேரு இருக்க வேணாமா?"

நான் அந்தப் படத்தை நான்கு முறை பார்த்திருந்தேன். எனக்கு அது தோன்றியதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு படத்திலும் அவர் முதலில் பார்த்தது பாத்திரங்களைத்தான். பழைய காலத்துக் கதையில் புதிதாக வந்த மூடி, ஏழை வீட்டில் கனமான செம்பு அண்டா, ஒரே காட்சியில் இடது பக்கம் இருந்து வலது பக்கம் போய்விட்ட சொம்பு. சில நாள் அவர் சொன்னதைக் குழுவில் அப்படியே போட்டேன், ஒரு பேஷண்ட் சொன்னது என்று. என் நான்கு வரிகளைவிட அதற்குத்தான் பதில்கள் வந்தன.

கொஞ்சம் கூச்சப்பட வைக்கிற படங்களையும் போட்டேன். ஐம்பது வயது விதவை ஒருத்திக்கும் மிக்ஸி பழுது பார்க்க வருகிறவனுக்கும் உறவு ஏற்படுகிற கதை ஒன்று. அவள் குளிக்கிற காட்சியில் முதுகு முழுவதும் தெரியும். சரியாக அந்த நேரத்தில் மகன் குடோன் சாவி எடுக்க உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா சொன்னார், "நீ போயி கடையப் பாரு." அவர் போன பிறகு என்னிடம், "ஓட்டி வுட்டுடாத, முழுசா பாக்கலாம்" என்றார். படம் முடிந்ததும் தீர்ப்பு சொன்னார். "அவ செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா மிக்ஸிக்காரன உள்ள வுட்டிருக்கக் கூடாது. மிக்ஸிய வாசல்லயே குடுத்து வாங்கியிருக்கணும்."

அவர் அதை யோசிக்காமல் சொன்னார். நான் வாசலைத் தாண்டி உள்ளே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஸ்டூலில் பேப்பர் கப் இருந்தது.

அந்த வாரத்தில்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் வந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே தட்டில் காபி வந்தது. அவருக்கு எவர்சில்வர் டம்ளரில், எனக்குப் பேப்பர் கப்பில். பாத்திரக்கடை வீடு அது. நடையிலேயே டம்ளர்கள் டஜன் டஜனாகப் பெட்டியில் அடுக்கியிருக்கும்.

என்னிடம் ஒரு படம் இருந்தது. எழுபது நிமிடம் ஓடக்கூடியது, ஒரே வீட்டில் எடுத்தது. படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் ஒருத்தி தினமும் வருகிறாள். கொல்லைப்புறச் சுவரின் மாடத்தில் அவளுக்கென்று ஒரு டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். படத்தில் ஒருவரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கடைசியில் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பெரியவர் தண்ணீர் கேட்பார். அவள் அந்த டம்ளரில் மொண்டு வந்து நீட்டுவாள். அவர் குடித்தாரா இல்லையா என்று காட்டாமல் படம் முடிந்துவிடும்.

நல்ல படம் என்பதால் மட்டும் அதை அவருக்குச் சொன்னேன் என்று எழுதினால் அது பொய். வேறு யார் பார்த்தாலும் டம்ளரைத் தாண்டிப் போய்விடலாம், இவர் தாண்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது நாள் போட்டேன்.

அந்தப் படத்தை மட்டும் அவர் ஒரே நாளில் பார்த்து முடித்தார். நான் அடுத்த வீட்டுக்குப் போன் செய்து தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"அலுமினிய டம்ளரு" என்றார். "அடி தட்டை. இப்ப அது வர்றதில்ல. எங்கேர்ந்து புடிச்சாங்களோ."

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் படம் வேண்டாம் என்று சீரியல் வைத்துக்கொண்டார். அதற்கு மறுநாளும் சீரியல்தான். காபி எப்போதும் போல வந்தது. எண்ணுவதைத் தவிர நாங்கள் எதுவும் பேசவில்லை. இந்த வீட்டுக்கு நான் வருவது இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது நாள் நான் போனதும் அவரே டிவியை அணைத்தார்.

"அந்தப் படத்த எனக்கு ஏன் சொன்ன?"

"நல்ல படம்மா. அதான்."

"நல்ல படம் நெறைய வச்சிருக்க. அத ஏன் சொன்ன?"

அவருடைய கால் என் கையில் மடங்கியிருந்தது. அதை மெல்ல நீட்டி மெத்தையில் வைத்தேன்.

"இந்த வூட்ல எனக்கு மட்டும் பேப்பர் கப்புல காபி வருதும்மா."

"அது கொரோனா வந்தப்போ ஆரம்பிச்சது. அப்படியே வழக்கமாயிடுச்சி."

"போன வாரம் இன்சூரன்ஸ்காரர் வந்தாரு. அவருக்கு டம்ளர்ல வந்துச்சி."

சமையலறையில் மருமகள் ஏதோ கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து முழங்காலில் இருந்த தழும்பை மூடினார்.

"நேரா கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருந்தா மாத்தியிருப்பீங்களா?"

அவர் யோசித்துவிட்டு, "தெரில" என்றார். பிறகு, "ஒண்ணு சொல்றேன். அந்தப் படத்துல அந்த நர்ஸு கடேசி வரைக்கும் வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. எனக்கு அதான் புடிக்கல" என்றார்.

"அவ ஏம்மா கேக்கணும்? அந்த டம்ளர அங்க வச்சவங்களே எடுத்திருக்கலாம் இல்ல?"

சண்டை போட்ட மாதிரியும் இல்லை, சமாதானம் ஆன மாதிரியும் இல்லை. கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

"எண்ணு" என்றார். காலை அவரே மடக்கினார். பத்து வரை எண்ணினேன். விடவில்லை. பதினைந்து வரை எண்ணினேன்.

மறுநாள் காபி எவர்சில்வர் டம்ளரில் வந்தது. புது டம்ளர். கம்பெனி ஸ்டிக்கர்கூட உரிக்கப்படவில்லை. பேப்பர் கப்புக்குப் பழகிய விரல்களைச் சூடு சுட்டது. இரண்டு கையால் மாற்றி மாற்றிப் பிடித்துக் குடித்தேன். குடிக்கும்போது நினைத்தேன்: விருந்தாளிக்கு மரியாதையாகப் புதிதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்களா, அல்லது வீட்டு டம்ளரில் கொடுக்க மனம் வராமல் கடையிலிருந்து எனக்கென்று ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்களா? மருமகளின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நேராகக் கேட்கலாம் என்று அதற்கு முந்தின நாள்தான் அம்மா சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. மறுநாளும் அதே டம்ளர் வந்தது, அதற்கு அடுத்த நாளும் அதுவே. ஸ்டிக்கர் மட்டும் கழுவக் கழுவ ஓரம் கிழிந்துகொண்டு வந்தது.

ஆறு வாரம் முடிந்தபோது கால் நூற்றுப் பத்து டிகிரி மடங்கியது. மூன்று படி இறங்கி, கடைக்குள் போய், கல்லாவில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் கையை நீட்டியபடியே நடந்தேன், அவர் பிடிக்கவில்லை. அன்று மகன்கூட என்னிடம் சிரித்துப் பேசினார். அதோடு அந்த வீட்டுக்குப் போவது நின்றது. அவருடைய நேரத்துக்கு ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வந்தார், தோள் வலியோடு. அவர் படம் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குழுவில் அந்த டம்ளர் படத்தைப் பற்றி மறுபடி எழுதினேன். படம் இன்னும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எழுதி முடித்து, யாருக்குச் சொல்கிறோம், எதற்குச் சொல்கிறோம் என்று யோசித்துவிட்டு இதைச் சொல்லுங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். மற்றவர்கள் சப்டைட்டில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. இடது முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்திருந்தார். பின்னால் பாத்திரம் இறக்கும் சத்தம் கேட்டது.

"நாளைலேர்ந்து வர்றியா?"

"வர்றேம்மா. புதுசா நாலஞ்சி படம் இருக்குது, எடுத்துட்டு வர்றேன்."

"படம் கிடம் இந்த வாட்டி வேணாம்" என்றார். "பேசிக்கினே பண்ணலாம்."

ஆறு வாரம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு நாளைத் தவிர நாங்கள் பேசியதெல்லாம் படத்தைப் பற்றித்தான். வேறு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பத்தரை மணிக்கு வருகிறேன் என்று சொன்னேன்.