அம்புக்குறிக்கு அந்தப் பக்கம்

மைக் அண்ணன் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. கடைகளுக்கு ஒலி விளம்பரம் பதிவு செய்து கொடுப்பவர். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய ஒற்றை அறைதான் ஸ்டூடியோ. அதில் பேசிவந்தது அவர் மனைவி. குரலா அது! அவள் "வாங்க" என்றால் வீட்டில் சும்மா கிடந்தவனும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பிறகு அவள் தொண்டையில் வந்த கட்டியோடு டாக்டர்கள் குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது. பேச்சு கம்ப்யூட்டரில் மட்டும் மிஞ்சியது.

சாயங்காலமானால் அவள் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைக் காட்டுவாள். அவரும் எப்போதும் ஒரே பதிவைத்தான் போடுவார். துணிக்கடை விளம்பரத்துக்கு நடுவே சிரித்துவிட்டு, "யோவ், பட்டனை அழுத்தினியா, இல்ல வாயைப் பாத்துட்டு நிக்கிறியா?" என்று அவரைத் திட்டும் பதிவு. தன் திட்டைக் கேட்டுத் தானே தோள் குலுங்கச் சிரிப்பாள்.

மனுஷனுக்கு ஒரு பழைய நினைப்பு. டெஸ்க்டாப்பில் அம்புக்குறி போட்ட படமெல்லாம் ஷார்ட்கட், வெறும் வழிகாட்டிப் பலகை, அழித்தால் ஒன்றும் குடிமுழுகாது. அது சரிதான். ஆனால் மச்சினன் புதிதாக வைத்துக் கொடுத்த மெஷினில் படமும் இல்லை, மவுஸும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். ஒருநாள் புது விளம்பரத்தை ஏற்றப் போனால் டிஸ்க்கில் இடம் நிறைந்திருந்தது, கடைக்காரர் வாசலில் நிற்கிறார். பட்டியலில் 'குரல்' என்ற பெயரும் பக்கத்தில் ஒரு அம்பும் தெரிந்தன. உள்ளே போனால் மனைவியின் பதிவுகள் அத்தனையும் இருந்தன. இதுவும் ஷார்ட்கட், வெறும் நிழல்தானே, அசல் வேறெங்கோ பத்திரமாக இருக்கும் என்று ஒரே தட்டில் துடைத்தார். இடம் தாராளமாகக் கிடைத்தது. புதுப் பதிவையும் ஏற்றினார்.

கடைக்காரர் போன பிறகுதான் உறைத்தது. நிழலுக்கு ஏது இவ்வளவு இடம்? மச்சினனுக்கு போன் போட்டார்.

"அத்தான், அது ஷார்ட்கட் இல்ல, சிம்பாலிக் லிங்க். ஷார்ட்கட் டெஸ்க்டாப்புக்கு மட்டும் புரியிற ஒரு சின்ன ஃபைல். இந்த லிங்க்குக்குள்ள போனா அசல் இடத்துக்கே போன மாதிரி, அங்க அழிச்சா அசலே போயிடும். லிங்க்கை மட்டும் அழிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. வேற எங்கயாச்சும் காப்பி இருக்கா?"

"இல்லடா. திருப்பி எடுக்க முடியாதா?"

"அது மேலயே புதுசா எழுதிட்டீங்களே அத்தான்."

கெட்டிக்காரன்தான் மச்சினன். இதை மெஷினை வைக்கும்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். இப்போது திட்டி என்ன புண்ணியம்?

மனைவி வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைக் காட்டினாள். அவர் மறைக்கவில்லை. "எல்லாத்தையும் அழிச்சிட்டேன்மா. நானேதான்." அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவர் வாயைத் தொட்டு, சொல்லு என்று கையசைத்தாள்.

மனப்பாடமாயிற்றே, ஆரம்பித்தார். "யோவ், பட்டனை அழுத்தினியா..." ஒரு வார்த்தை பிசகவில்லை. ஆனால் அறையில் கேட்டது அவருடைய கரகரத்த குரல்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, சிரிப்பு வர வேண்டிய இடத்துக்காகக் காத்திருந்தாள். அந்தச் சிரிப்பை எப்படிச் சிரிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.