ஆலை வாசலில் அவிழ்த்த மாடு

போன வாரம் திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே கரும்புச்சாறுக்காக நின்றிருந்தேன். இஞ்சியும் எலுமிச்சையும் வைத்து எனக்கென்றே பிழிந்த சாறு. டம்ளர் என் கைக்கு வருவதற்குள் ஒரு பெரிய கார் வந்து நின்றது, கண்ணாடி இறங்கியது, டம்ளர் அங்கே போய்விட்டது. "சார் அவசரமா போறாரு, உங்களுக்கு இதோ போட்டுடறேங்க" என்றார் கடைக்காரர். நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். வேறென்ன செய்ய, என் சட்டையின் லட்சணம் அப்படி.

எனக்கு முதலில் கிடைத்தது சக்கை வாசனைதான். அந்த வாசனை வந்தாலே எனக்குச் சர்க்கரை ஆலை வாசல் ஞாபகம் வந்துவிடும். பி.காம். முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிய வருஷம் அது. "சும்மாதான கீற, வண்டியில ஏறு" என்று நைனா என்னைக் கரும்பு பாரத்தின் மேல் உட்கார்த்திவிட்டார். சாலையோரம் கண்ணுக்கெட்டும் தூரம் மாட்டுவண்டிகள். வெட்டிய கரும்பு வெயிலில் நிற்க நிற்கக் காயும், எடை குறையும். அதனால் வரிசையில் அவரவர் முறைதான் உயிர்.

எங்களுக்கு முன்னால் அத்தையின் வண்டி. நைனாவுக்கு அக்கா. மாமா போன பிறகு தனியாளாகக் கரும்பு போட்டவள். ஒரு பாரம் வண்டியில், மீதி வெட்டியபடி வயலில் கிடந்தது. இந்தப் பாரத்தை இறக்கிவிட்டுத் திரும்பினால்தான் அதை ஏற்ற முடியும். வருஷத்துச் சாப்பாடே அதுதான்.

அப்போதுதான் பின்னால் டிராக்டர் ஹாரன் கேட்டது. ரைஸ்மில்காரருடையது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறுகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்டவர். ஆனால் வரிசையில் நின்று அவரை யாரும் பார்த்ததில்லை. ஹாரன் கேட்டதும் ஒவ்வொருவராக மாட்டை ஓரம் கட்டுவார்கள். அவர் கேட்டதே கிடையாது, இவர்களாகச் செய்வது. அவர் கரும்பு காய்ந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. காத்திருக்க வசதி உள்ளவருக்குத்தான் காத்திருக்க முடியவில்லை. இந்தக் கணக்கை எனக்கு பி.காமில் சொல்லித்தரவில்லை.

அத்தை ஓரம் கட்டவில்லை. நிதானமாக இறங்கி, வண்டிக்கு முட்டுக் கொடுத்து, மாடுகளை அவிழ்த்துப் புளியமரத்தில் கட்டிவிட்டாள். நடுரோட்டில் வண்டி. அடேயப்பா, எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது.

டிராக்டருக்குப் பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ரைஸ்மில்காரர் இறங்கி வந்தார்.

"இன்னாம்மா, மாட்ட அவுத்துட்ட?"

"பசியா கீதுங்க. என் மொறை வந்தா பூட்டிக்கிறேங்க."

அவர் திட்டவில்லை, அதட்டவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பில் சாய்ந்து நின்றார், அவ்வளவுதான். வரிசை முழுக்க நெளிய ஆரம்பித்தது. கடைசியில் நைனாவே போனார்.

"அக்கா, பெரியவரு வெயில்ல நின்னுகினு கீறாரு."

"நானுந்தான் நின்னுகினு கீறேன், தம்பி."

நைனாதான் முதலில் வண்டியில் தோள் கொடுத்துத் தள்ளினார். பின்னாலேயே பத்துப் பேர். வண்டியைத் தள்ளிய வேகத்தில் சக்கரம் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. டிராக்டர் போனது. வண்டியை மேலே ஏற்றுவதற்குள் சாயங்காலம் ஆகி, ஆலையில் இயந்திரம் பழுது என்று கேட்டை மூடிவிட்டார்கள். பல நாள் கழித்து மறுபடி திறந்தபோது அத்தையின் கரும்பு, வயலில் கிடந்ததும் சேர்த்து, விறகாகியிருந்தது.

வண்டி பள்ளத்தில் இறங்கிய அன்றே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ரைஸ்மில்காரர் வீட்டிலிருந்து தயிர்ச்சோறு வந்தது. நைனா ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனார். அவள் வாங்கவில்லை.

"அவரு பணக்காரரு, அப்படித்தான் இருப்பாரு. உனுக்கு இன்னாடா வந்துச்சி?"

அடுத்த பருவம் அத்தை கரும்பு போடவில்லை. நிலத்தை விற்றாள். வாங்கியவர் ரைஸ்மில்காரர்தான், நல்ல விலைக்கு. இப்போது அங்கே கலர் கல் நட்ட வீட்டுமனைகள். மாட்டுவண்டி வரிசையும் இல்லை, அந்தப் புளியமரமும் இல்லை. நைனா கடைசிவரை வருஷம் தவறாமல் பொங்கல் சீர் எடுத்துப் போனார். அத்தையும் இலை போட்டு, பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். 'தம்பி' என்று மட்டும் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை.