அரை மில்லி

என் அண்ணன் ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். அதில் மூன்று, "டெஸ்ட் பண்ணியாச்சு" என்பதாக இருக்கும். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. குறைமாதக் குழந்தைகளுக்கு வேளைக்கு எத்தனை மில்லி பால் என்று கணக்குப் போடும் புரோகிராம் ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவன் எழுதியது.

அந்த வார்டில் இருந்தது ஒரே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். போன திங்கட்கிழமை பக்கத்திலேயே புதிதாக ஒன்று வந்தது. இரண்டிலும் அதே புரோகிராம் மொழிதான், ஆனால் பழசில் பழைய பதிப்பு, புதிதில் புதிய பதிப்பு. ஒரு நாள் பால் அறுபது மில்லியை எட்டு வேளைக்கு வகுக்கச் சொன்னால் பழையது ஏழு என்று சொல்லிவிட்டுக் கம்மென்று இருக்கும். மிச்சத்தைப் பற்றி மூச்சே விடாது. புதியது ஏழரை என்னும்.

கீழே தன் அறையில் இருந்தபடியே இரண்டின் கணக்கையும் அருகருகே திரையில் பார்த்த பிறகுதான் அண்ணனுக்கு இது தெரிந்தது. எந்தப் பதிப்பில் ஓடினாலும் ஏழரை வரும்படி அன்றே திருத்திவிட்டான்.

"அப்போ ஒன்பது வருஷமா தப்பாவா சொல்லிட்டிருந்துச்சு?" என்றேன்.

"அரை மில்லிதானே. யாரும் புகார் சொல்லல. இப்போ ரெண்டுலயும் டெஸ்ட் பண்ணியாச்சு."

செவ்வாய்க்கிழமை எனக்குப் பிரசவம், நாளுக்கு முன்னாலேயே, ஏழாம் மாதத்தில். பையன் ஆயிரத்து நூறு கிராம். அந்த வார்டிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை டிரிப்ஸை எடுத்துவிட்டுப் பால் ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு வேளையும் கக்கினான். சாயங்காலமும் கக்கினால் பாலை நிறுத்திவிட்டு மறுபடியும் டிரிப்ஸ்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் குச்சிக் கையில் ஊசி குத்த இனி இடமே இல்லை. வேறு வேலையில்லாமல் நர்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் ஏழரை. சிரிஞ்சில் எட்டு.

"சிஸ்டர், ஏழரைதானே போட்டிருக்கு?"

"கம்ப்யூட்டர் எப்பவும் கொஞ்சம் கம்மியா காட்டும்மா. நாங்க அரை சேர்த்துதான் குடுப்போம்."

அண்ணனுக்குப் போன் போட்டேன். நான் கத்திய கத்தில் வார்டு வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். ஐந்தாவது நிமிடம் அண்ணன் வந்து நின்றான், முகம் பேயறைந்த மாதிரி. ஹெட் நர்ஸிடம், "அரை சேர்க்கிறீங்களாக்கா? எப்போலேர்ந்து?" என்று கேட்டான்.

"நீங்க புரோகிராம் வெச்ச மறு வாரத்துலேர்ந்து. பிள்ளைங்களுக்கு எடையே ஏறல. கையால கணக்குப் போட்டுப் பார்த்தோம். கொறைஞ்சுது, சேர்த்துக்கிட்டோம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"எங்க தம்பி சொல்றது? ஒன்பது வருஷத்துல நீங்க இந்தப் படியேறி வந்தது இன்னிக்குத்தான்."

அண்ணன் திரையில் இருந்த ஏழரையைப் பார்த்தான். அப்போதும் "டெஸ்ட் பண்ணியாச்சு" என்றிருந்தால் நானே அறைந்திருப்பேன்.

"சரி, இனிமே சேர்க்க வேணாம்னு என் பொண்ணுங்ககிட்டச் சொல்லிடறேன்" என்றார் ஹெட் நர்ஸ்.

"வேணாங்க்கா. பதினோரு பேர் கையை ஒரே நாள்ல மாத்த முடியாது. யாராவது ஒருத்தர் மறப்பாங்க. நான் பழையபடியே ஏழுன்னு காட்ட வெச்சுடறேன்."

உட்கார்ந்தான். ஒழுங்காக வகுக்கத் தெரிந்த புதிய கம்ப்யூட்டருக்கும் மிச்சத்தை விழுங்கக் கற்றுக்கொடுத்தான். அதை எழுதும்போது அவன் காது சிவந்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்கால வேளை. திரையில் ஏழு. நர்ஸ் எதையும் யோசிக்காமல் ஏழரை எடுத்தார். பால் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கால் மணி நேரம், அரை மணி நேரம். பையன் கக்கவில்லை. வாயை ஒருமுறை சப்புக் கொட்டிவிட்டுத் தூங்கிப்போனான். நான் அங்கேயே அழுதேன்.

அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு தாளும் பேனாவுமாக, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஹெட் நர்ஸின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"அக்கா, என் புரோகிராம் சொல்றதுல இன்னும் எதையெல்லாம் நீங்களா மாத்திக்கிறீங்க?"

அவர் அண்ணன் கையிலிருந்த ஒற்றைத் தாளைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, எழுதிக்கொள்ள ஒரு முழு வெற்று நோட்டை எடுத்துக் கொடுத்தார்.