பெல்கிரேடில் கயிறு பிடிக்கிறேன்

இந்த ஊரில் காலையில் வேலைக்குப் போனதும் நான் முதலில் செய்வது, சுவரில் தொங்கும் ஒரு ஜோடி கால்களுக்கு எண்ணெய் போடுவது. அலுமினியக் கால்கள். நடக்க முடியாதவர் இடுப்பிலிருந்து பாதம் வரை தம் கால்களுக்கு மேலே கால்சட்டை மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டியவை. முட்டியை மடக்கவும் நீட்டவும் காற்றழுத்தம். எப்போது மடக்குவது என்று சொல்ல, பீரோ அளவில் ஒரு கம்ப்யூட்டர். மனிதர் மாட்டிக்கொள்ளும் கால் செய்கிறோம் என்று என் அரைகுறை செர்பிய மொழியில் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். மறுநாள் அவர் தன் கணவரின் பழைய பூட்ஸைக் கொண்டுவந்து, இதே அளவில் ஒரு ஜோடி, கறுப்பு நிறத்தில் வேண்டும் என்றார்.

தூத்துக்குடி ஐஸ் பேக்டரியில் கம்ப்ரசர் பார்த்தவனுக்கு யூகோஸ்லாவியாவில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. இரண்டு நாட்டு நட்பில் தொழிற்பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள், வந்தேன். கம்ப்ரசர் எங்கே இருந்தாலும் கம்ப்ரசர்தான். அங்கே அது நின்றால் மீன் கெடும். இங்கே நின்றால் ஒரு ஆள் விழுவார்.

அந்த ஆள் ஸ்டெவான். கூரைக்கு ஓடு வேய்ந்துகொண்டிருந்தவர். விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மனைவி வேரா சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பார். "இரண்டு வருடமாக எல்லாருடைய வயிற்றையும்தான் பார்க்கிறேன். ஒருமுறை நிம்மதியாக நின்று முகங்களைப் பார்க்க வேண்டும்" என்பார் ஸ்டெவான். கதவிலிருந்து ஜன்னல் வரை போக ஒன்பது எட்டு வைத்தால் போதும். மூன்று மாதமாக இரண்டாவது எட்டைத் தாண்டவில்லை. இன்னும் ஒருமுறை தடுமாறினால் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்தக் கால்களைப் போட்டுப் பார்க்கச் சம்மதித்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று அவர் மார்புப் பட்டையிலிருந்து உத்தரத்து இரட்டைக் கப்பி வழியாக வரும் கயிறு என் கையில் இருந்தது. விழுந்தால் தாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. இன்ஜினியர் மிலித்சா பொத்தானை அழுத்தினார். கால் கிளம்பியது, ஸ்டெவான் கிளம்பவில்லை. பதறிப்போய்க் கயிற்றைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். என் கை என்னைக் கேட்கவே இல்லை. இருந்த பலத்தையெல்லாம் போட்டு அவரை மேலே தூக்கிவிட்டேன். தரைக்கு ஒரு சாண் மேலே மனிதர் தொங்குகிறார். இயந்திரக் கால்கள் மட்டும் கடமை தவறாமல் காற்றில் நடக்கின்றன. சத்தம் கேட்டு வேரா ஓடிவந்தார். ஸ்டெவான் திட்டியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை இங்கே எழுத முடியாது.

"இறக்கு. இனி வரமாட்டேன்."

"ஏன் தூக்கினாய்?" என்று மிலித்சா கேட்டார்.

"அவர் இழுத்தார்" என்றேன். அது அவர்களுக்கு ஒரு பதிலாகவே படவில்லை.

எங்கள் கடலில் சங்கு குளிக்க இறங்குகிறவரின் கயிற்றை, வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவர் மனைவியின் உடன்பிறந்தவன். தன் சகோதரியின் தாலி ஆயிற்றே, கை அசராது என்ற நம்பிக்கை. என் அக்கா கணவருக்கு ஆறு சீசன் நான்தான் பிடித்தேன். முதல் சீசனில் ஒருநாள், ஆள் இன்னும் அசையவில்லையே என்று பயந்து, மேலே தூக்கச் சொல்லி அவர் கயிற்றைச் சுண்டுவதற்கு முன்பே தூக்கிவிட்டேன். பாதிப் பையோடு மேலே வந்த அத்தான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஏலே மாப்ளே, தண்ணிக்குள்ள கெடக்கது நானா நீயா? மூச்சு முட்டுனா எனக்குத் தெரியாதா? நான் இழுத்தா நீ இழு. மேல இருந்துக்கிட்டு எனக்காவ நீ ரோசிக்காத!"

இதை எனக்கு வந்த மொழியில் சொன்னேன். நான் தடுமாறிய இடங்களை மிலித்சா ஊகித்து நிரப்பினார். நாற்காலிக்குத் திரும்பியிருந்த ஸ்டெவான் என்னை உற்றுப் பார்த்தார்.

"உன் அக்கா கணவர் உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார். இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்."

சிரித்துவிட்டார். பிறகு அலுமினியக் கால்களைக் காட்டி மிலித்சாவிடம் சொன்னார்: "இது என்னைக் கேட்பதே இல்லை."

மிலித்சா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். சரியாக நடக்கும் இயந்திரத்தைத்தான் அவர் இத்தனை நாள் செய்துகொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் ரோஷப்பட்டிருப்பார்கள். அவர் பத்தே நாளில் ஸ்டெவானின் ஊன்றுகோல் பிடியில் ஒரு சுவிட்ச் வைத்தார். அதற்குத் துளை போட்டவன் நான். அழுத்தினால் ஒரு எட்டு. அழுத்தாவிட்டால் நிற்கும்.

வேராவின் கெஞ்சலுக்காகத்தான் ஸ்டெவான் திரும்ப வந்தார். எழுந்து நின்று, வெகுநேரம் ஒன்றுமே செய்யவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. அழுத்தினார். ஒரு எட்டு. மூச்சு வாங்கிக்கொண்டார். இன்னொன்று. மூன்றாவது. என் கையில் கயிறு தளர்ந்தே கிடந்தது. எங்கள் கடலில் கயிறு தளர்ந்தால் கீழே ஆள் என்ன ஆனாரோ என்று பயம். இங்கேயும் பயந்தேன், சந்தோஷத்தோடு சேர்ந்தே பயந்தேன். ஒன்பதாவது எட்டில் ஜன்னலைத் தொட்டு, திரும்பி என்னைப் பார்த்தார். என்னைவிட ஒரு தலை உயரம். அதுவரை அவர் நின்றபோதெல்லாம் நான் கயிற்றைத்தான் பார்த்திருந்தேன்.

"நீ இவ்வளவு குள்ளமா?" என்றார்.

அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை. இந்தக் கால்களால் இன்னும் இந்த அறையைத் தாண்ட முடியாது. கம்ப்ரசரையும் பீரோ கம்ப்யூட்டரையும் முதுகில் கட்டிக்கொண்டு யாரும் தெருவில் போக முடியாது. வருடங்கள் ஆகும். ஆனாலும் ஒருநாள் போவார்கள். ஒன்பது எட்டைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

அன்றிலிருந்து வேரா என்னை 'ப்ராத்தே' என்றுதான் கூப்பிடுகிறார். சகோதரனே என்று அர்த்தம். புருஷனின் கயிற்றைப் பிடிப்பவன் வேறு யாராக இருக்க முடியும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். மத்தியானச் சாப்பாடும் கொண்டுவருகிறார். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி பொதிந்த சர்மா. அவருடைய சொந்தத் தம்பி ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் நான்கு வருடமாகிறது.

இதையெல்லாம் ஊருக்கு எழுதியிருந்தேன். போன வாரம் அக்காவின் பதில் வந்தது. "ஒன் எடத்துல இப்ப தருவைகுளத்துப் பையன் ஒருத்தன் கயிறு புடிக்கான். நமக்குச் சொந்தமில்ல. ஆனா நல்லாப் புடிக்கான்னு அத்தான் சொல்லுதாவ. அவனுக்கும் சேத்துத்தான் சோறு குடுத்து விடுதேன்."

என் சோற்றை எவனோ தின்கிறானே என்று சுருக்கென்று கோபம் வந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, வேரா கொண்டுவந்த பாத்திரத்தைத் திறந்து, ஜெர்மனியில் இருக்கிற ஒருவனுடைய சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தேன்.