பூவாடைக்காரியின் நிறம்

கள்ளக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்திருப்பவனிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கொஞ்சம் கலரா போடுங்கண்ணா." கலர் என்றால் வெள்ளை. மாப்பிள்ளை, பெண், காதுகுத்துக் குழந்தை, செத்துப்போன பெரியவர், யாருக்கும் விலக்கில்லை. எரிச்சலாகத்தான் இருக்கும். கடை நடக்க வேண்டுமே என்று மௌஸை நகர்த்தி எல்லோரையும் மாவில் புரட்டி எடுத்துக் கொடுப்பேன்.

அதனால் ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மா, "எம்பொண்ணக் கருப்பாக்கிக் குடுங்கண்ணா" என்றதும் நிமிர்ந்து பார்த்தேன்.

கரும்பு வெட்டப் போகிறவர். மகள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். கல்யாணம் ஆகாதவள். அப்படிப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக்கி, புதுப்புடவை வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கலசம் வைத்தாலே போதும் என்று வீட்டுக்காரர் சொன்னாராம். இவருக்கு மகளின் முகம் வேண்டும்.

மகளின் போனை நீட்டினார். தோழிகளோடு வெள்ளிமலைக்குப் போனபோது எடுத்த செல்ஃபி. பின்னால் பனிமூட்டம், முன்னால் அதைவிட வெளுத்த முகம். முகத்தை அழகாக்கும் ஆப் ஒன்றில் எடுத்திருந்தாள். மற்ற படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாமே அந்த ஆப்தான். மகளின் ஆதார் கார்டைக் கேட்டு வாங்கினேன். பள்ளிக்கூட வயதில் எடுத்த படம். அதிலிருந்த சிறு பிள்ளை வெறும் கரும்புகையாகத் தெரிந்தாள்.

"ஏம்மா, அவங்களே ஆசைப்பட்டு எடுத்ததுதானே இது?"

"பொண்ணு பாக்க வந்தவங்கோ நெறம் கம்மின்னு சொல்லிட்டுப் போனாங்கோ. அதுலேர்ந்து இப்புடித்தான் எடுத்துக்கினு இருந்தா. சாமியா வூட்டுக்கு வரப்பவாவது எம்பொண்ணாவே வரட்டும்ண்ணா."

அந்த மாப்பிள்ளை வீட்டார் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரென்றே தெரியாதவர்களைத் திட்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன். வெளிச்சத்தைக் குறைத்தால் முகம் கருக்கவில்லை, சாம்பல் பூத்தது. வெளுத்துப்போன இடத்தில் எதுவுமே மிச்சமில்லை. இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது? சிவப்பும் மஞ்சளும் ஏற்றினேன். திரையில் சரியாகத் தெரிந்தது பிரிண்டில் செங்கல்லாக வந்தது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, நிறத்தைத் திருத்தி மறுபடி பிரிண்ட் போட்டேன். இப்போது பச்சை தட்டியது.

"அவங்க நெறம் எப்புடிம்மா இருக்கும்?"

கையை நீட்டினார். வெயிலில் காய்ந்த கை. அதைப் பார்த்துவிட்டு அவராகவே ரவிக்கைக் கையை மேலே தள்ளி, "தோ, வெயில் படாத எடம். இதான் அவ நெறம்" என்றார்.

டியூப்லைட்டில் நிறத்தை நம்பக்கூடாது. ஒவ்வொரு பிரிண்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாசலுக்குப் போவோம். பகல் வெளிச்சத்தில் அதை அவர் மேல்கையோடு ஒட்டிவைத்துப் பார்ப்பேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் அதைச் சட்டை செய்யவில்லை. மேசையில் வீணான தாள்கள் குவிந்தன. கடைசியில் ஒரு படம் கையோடு கை சேர்ந்தாற்போல் ஒத்துப்போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெறம் அதேதாண்ணா. கன்னத்துல அம்மை வடு ஒண்ணு இருக்குமே, அத்தக் காணோம்."

ஆப் அதையும் துடைத்திருந்தது. ஆனால் வடு வைப்பது எனக்குச் சுலபமான வேலை. "வெச்சிடலாம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். செல்ஃபியில் இடம் வலம் மாறியிருக்கலாம். அதனால், "போட்டோவப் பாக்காதீங்க. நேர்ல எந்தக் கன்னம்?" என்று கேட்டேன்.

தன் வலது கன்னத்தில் விரலை வைத்தார். எடுத்தார். இடது கன்னத்தில் வைத்தார். பிறகு மகள் எதிரே உட்கார்ந்திருப்பதைப் போல, சோறு ஊட்டுகிறவர் மாதிரி கையை முன்னால் நீட்டினார். கை இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, நடுவில் நின்றுவிட்டது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அவர் வலது என்றார். அங்கே அவர் பக்கத்திலிருந்த மகன், "இல்லப்பா, இடது" என்றது போனில் எனக்கும் கேட்டது.

போனை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"பெத்தவ, எனக்கே தெரியிலியேண்ணா."

என்னால் அந்த வடுவை வலப்பக்கமும் வைக்க முடியவில்லை, இடப்பக்கமும் வைக்க முடியவில்லை.