குத்தினால் நல்லது என்று நினைத்தேன்

ஆரணியில் எங்கள் வீட்டுத் தறியில் நெய்யும் பட்டுப் புடவைகளை செல்போனில் லைவ் போட்டு விற்கிறேன். படம் பிடிப்பது என் நாத்தனார் சுமதி. எனக்கு சோப்பு மாற்றினாலே சிவந்துவிடும் தோல். இருந்தும் முகம் பளிச்சென்று தெரிய வேண்டுமென்ற ஆசையில் 'ஸ்பிக்யூல் சீரம்' ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கடற்பஞ்சிலிருந்து எடுத்த, கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் இறந்த தோலை உரித்துவிடுமாம்.

பூசியதும் முள்ளாகக் குத்தியது. குத்தினால்தான் வேலை செய்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். சற்று நேரத்தில் கன்னமெல்லாம் தீயாக எரிந்தது.

"ஐயோ அண்ணி, மூஞ்சி இன்னா இப்படி வீங்கிகினு வருது! தேய்க்காதீங்க, ஜல்தியா கிளம்புங்க" என்று சுமதி ஸ்கூட்டரை எடுத்தாள். தழும்பு விழுந்துவிடுமோ என்று வழியெல்லாம் அழுதேன்.

தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, சரியாயிடும். தேய்க்கத் தேய்க்க ஊசிங்க உள்ள போகும். கை வைக்காதீங்க. உங்க தோலுக்கு இது வேணாம்" என்று களிம்பு எழுதித் தந்தார்.

அன்று லைவ் வேண்டாமென்றேன். சுமதி விடவில்லை. "புடவைய நான் காட்டறேன், நீங்க போனுக்குப் பின்னாடி நின்னு பேசிகினு இருங்க" என்றாள். விற்பனை குறையவில்லை.

சில நாளில் முகம் தெளிந்தது. இப்போது எந்தப் புது கிரீமையும் முழங்கை மடிப்பில் தடவி, இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகே முகத்தில் போடுகிறேன். எரிந்தால் உடனே கழுவிவிடுகிறேன். லைவில் வெறும் முகத்தோடுதான் உட்காருகிறேன். இதுவரை ஒருவரும் என் கன்னத்தைப் பற்றிக் கேட்டதில்லை. முந்தானையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.