கடல் ஏறுவதற்குள் பிள்ளையை எடுக்கப் போனவள்

டெலாலி பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஆளுயரத் தண்ணீர். கானாவின் கிழக்குக் கரையில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டுதான் அவள் ஊர். அவள் சிறுமியாக இருந்த காலத்தில் கடலைப் பார்க்கத் தென்னந்தோப்பைத் தாண்டி நடக்க வேண்டும். அக்பேகோவைக் கட்டிக்கொண்டபோது தோப்பு போய்விட்டிருந்தது. பிறகு சந்தை போயிற்று, தேவாலயத்தின் முன்சுவர் போயிற்று. புயல் நாளில் மட்டும் வாசலுக்கு வந்த தண்ணீர், பௌர்ணமிக்கெல்லாம் வந்து போக ஆரம்பித்தது. ஜனங்கள் பின்னால் பின்னால் நகர்ந்து காயல் விளிம்பில் போய் நின்றார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கமும் வெள்ளம்தான்.

மேட்டில் அரசாங்கம் புது வீடு கட்டிக் கொடுத்தது. அக்பேகோ கிளம்பத் தயார். டெலாலிதான் அசையவில்லை.

“படுக்கை நனையுது, அடுப்பு நனையுது. இன்னும் எதுக்குடி இங்க?”

“நீங்க போங்க. செனா இங்கதான இருக்கான்.”

செனா அவர்களுடைய ஒரே பிள்ளை. ஆறு வயதில் காய்ச்சலில் போனவன். அதே வாரம் அதே காய்ச்சலில் பக்கத்து வீட்டு அகூவியின் மகள் எசினாமும் போனாள். இருவரையும் அருகருகே புதைத்தார்கள். பின்னாளில், மீன் புகைபோடும் அடுப்பை யார் எங்கே கட்டுவது என்று தொடங்கிய சண்டையில் இரண்டு தாய்மார்களுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. ஆட்டைத் திட்டுகிற சாக்கில் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஒருத்தி ஏசுவாள். அடுத்தவள் கோழியைத் திட்டிப் பதில் கொடுப்பாள்.

ஒரு வருஷம் கடலின் உயர்ந்த ஏற்றமும் பெருங்காற்றும் சேர்ந்துகொண்டன. விடிந்தபோது இடுகாட்டில் பாதியைக் காணோம். சவப்பெட்டிப் பலகைகள் மணலில் துருத்தி நின்றன. பெரியவர்கள் தரையில் சாராயம் ஊற்றி இறந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவரவர் ஆளை அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த ஏற்றத்துக்குள் முடித்தாக வேண்டும்.

பிள்ளைகளின் குழிகளுக்குக் கல் வைக்கவில்லை. சுற்றிலும் சிப்பிதான் அடுக்கியிருந்தார்கள். அலை அதையெல்லாம் இறைத்துவிட்டது. அக்பேகோ உத்தேசமாக ஓர் இடத்தில் தோண்டினான். கொஞ்சம் தள்ளி அகூவி தனியாக, கையாலேயே மணலைப் பறித்துக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள்.

மண்வெட்டியில் சின்ன எலும்புகள் தட்டுப்பட்டன. துணியோ மணியோ எதுவும் மிஞ்சவில்லை. அகூவி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

“எம் பொண்ணு.”

“உம் பொண்ணுன்னு எழுதி ஒட்டியிருக்கா?” என்றாள் டெலாலி.

“உம் பையன் கடலோரமாப் படுத்தவன். நான் பாத்தேன்.”

“என்னத்தப் பாத்த? பொதைச்ச அன்னைக்கு நீ கண்ணையே தொறக்கல.”

அகூவி மணலில் உட்கார்ந்துவிட்டாள். “நீயும்தான் தொறக்கல,” என்றாள்.

அது உண்மை.

“தண்ணி ஏறுது,” என்றான் அக்பேகோ. மூவருமாக இன்னொரு பிள்ளையைத் தேடினார்கள். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறியது, கரை சரிந்தது. கடைசியில் அக்பேகோ மண்வெட்டியைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். டெலாலி தன் மேல்துணியை அவிழ்த்து விரித்தாள். அவள் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அகூவி மணலைத் துடைத்துத் துணியில் வைத்தாள்.

மேட்டு நிலத்தில் புதைத்தபோது, சிலுவையில் என்ன பெயர் எழுதுவது என்று தச்சன் கேட்டான்.

“அவ பையன் பேரையே எழுதுப்பா,” என்றாள் அகூவி.

“எசினாம் பேரையும் சேத்து எழுது,” என்றாள் டெலாலி.

அந்த மாதமே இரண்டு குடும்பமும் மேட்டுக்குக் குடிவந்தன. அங்கேயும் அடுப்புப் புகை யார் வீட்டுக்குள் போகிறது என்று சண்டை வரும். ஆனால் குழிமேட்டில் புல் பிடுங்கப் போகிற நாளில் ஒருத்தி வாசலில் நின்று கூப்பிடுவாள், மற்றவள் வருவாள். இருவரில் ஒரு பிள்ளையைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று இருவருக்கும் தெரியும். யார் பிள்ளை என்று ஒருத்தியும் கேட்டதில்லை.